எந்த அளவுக்கு எவ்வளவு டாலரன்ஸ்: விடுதியில் இருக்கும் மகளுக்கு

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு மாலை

அன்புள்ள அம்மிணி,

பிசிக்ஸ் ரெக்கார்டு இன்னும் கொடுக்கவில்லை என்று புதன்கிழமை சொன்னாய். சோதனையெல்லாம் முடிந்துவிட்டது, ரீடிங்கும் சரி, ஆனால் ஓம் விதி கிராஃபில் கோடு தடித்துவிட்டது என்று அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றாம் தடவை வரைந்துகொண்டிருக்கிறாய். ஃபோனில் நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை ஃபோனில் எப்படிச் சொன்னாலும் திட்டுவது போலத்தான் காதில் விழும். அதனால் எழுதுகிறேன். கவுன்சிலிங் அறையில் ஊரார் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கச் சொல்வதைச் சொந்த மகளுக்கு ஒரு தடவையாவது வரிசையாகச் சொல்ல வேண்டாமா? ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டியதில்லை.

"மார்க் குறைந்தால் பரவாயில்லை" என்று எழுதப் போவதில்லை. அப்படி எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். உயர்ந்த அளவுகோல் வைத்துக்கொள்வது நோயல்ல. ரோஸ் ஷாஃப்ரன், ஸஃப்ரா கூப்பர், கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2002-இல் பெர்ஃபெக்ஷனிசம் (எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதம்) எங்கே சிக்கலாகிறது என்பதைத் தெளிவாக வரையறுத்தார்கள். தான் எவ்வளவு பெறும் ஆள் என்ற கணக்கு முழுவதையும் ஒரே அளவுகோலில் தொங்கவிடுவது, அது உடம்பையும் தூக்கத்தையும் நட்பையும் தின்கிறது என்று தெரிந்தும் அதை விடாமலிருப்பது. இதுதான் அந்த இடம். அவர்கள் சொன்னதில் இன்னொன்று உனக்கு அப்படியே பொருந்தும்: அளவை எட்டிவிட்டால் மனசு அந்த அளவையே மட்டம் தட்டிவிடும். கெமிஸ்ட்ரியில் 60-க்கு 58 வந்தபோது நீ சொன்ன வார்த்தை, "அது ஈஸி பேப்பர்." எட்டாவிட்டால் நீ மோசம், எட்டினால் பேப்பர் சுலபம். இந்தக் கணக்கில் உனக்கு வரவே கிடையாது, செலவு மட்டும்தான்.

இதற்கு என்ன மருந்து என்று கேட்டால் நான் புத்தகத்துக்குப் போவதைவிட உங்கப்பாவின் பட்டறைக்குப் போவேன். லேத்தில் ஓடும் எந்த டிராயிங்கிலும் வெறும் "25 மி.மீ." என்று இருக்காது. கூடவே இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று இருக்கும். அதுதான் டாலரன்ஸ். 6205 என்ற எண்ணுள்ள பேரிங் உட்கார வேண்டிய ஷாஃப்ட்டை, அதாவது சுழலும் தண்டை, எடுத்துக்கொள். பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. ஷாஃப்ட்டில் அது உட்காரும் இடத்துக்கு கே6 என்று போட்டிருந்தால், 25-க்கு மேல் 2 மைக்ரானிலிருந்து 15 மைக்ரான் வரை இருக்கலாம் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தலைமுடியின் தடிமனே 50-லிருந்து 100 மைக்ரான் வரும், பார்த்துக்கொள். அந்த 2 மைக்ரானுக்குக் கீழே போனால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டின் மேல் வழுக்கிச் சுற்றித் தேய்த்துவிடும். 15-க்கு மேலே போனால் இறுக்கம் கூடி, குண்டு உருள இடமில்லாமல் பேரிங் சூடாகும். அதாவது அதிக இறுக்கமும் ரிஜெக்ட்தான்.

இனி அதே ஷாஃப்ட்டின் மொத்த நீளத்தைப் பார். 100 மி.மீ. நீளம் என்றால், எதிலும் போய்ப் பொருந்தாத பக்கத்துக்குப் பொது டாலரன்ஸ் மீடியம் வகையில் கூட்டியோ குறைத்தோ 0.3 மி.மீ. மைக்ரானில் சொன்னால் 300. ஒரே இரும்புத் துண்டு. ஓரிடத்தில் 13 மைக்ரான் இடைவெளி, இன்னோரிடத்தில் 600. டிராயிங் போட்டவர் சோம்பேறி என்பதால் அப்படிப் போடவில்லை. எந்த இடம் எதோடு சேர்கிறது என்று அவருக்குத் தெரியும். நீளத்தையும் மைக்ரானில் பிடிக்கிறேன் என்று ஒருவர் நாள் முழுக்க நின்றால் அவரை நல்ல டர்னர் என்று பட்டறையில் யாரும் சொல்வதில்லை. பீஸ் ரேட் அதேதான், பொழுது போனது போனதுதான்.

உன் சிக்கல் நீ அளவு பிசகாமல் வேலை செய்வதில் இல்லை. எல்லா இடத்துக்கும் கே6 போட்டு வைத்திருக்கிறாய். கிராஃபில் ஒன்றோடொன்று பொருந்துகிற இடங்கள் எவை? இரண்டு அச்சிலும் அளவு சீராகவும் அலகோடும் இருக்க வேண்டும், புள்ளிகள் சரியான இடத்தில் விழ வேண்டும், சாய்வைக் கணக்கிடக் கோட்டின் மேல் தள்ளித் தள்ளி இரண்டு இடம் எடுத்திருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் விடை தவறும், இங்கே மைக்ரோமீட்டர் பிடி. கோட்டின் தடிமன், தலைப்பின் நிறம், மார்ஜின் நேர்த்தி, எழுத்தின் சாய்வு இதெல்லாம் 0.3. எல்லாப் புள்ளியும் கோட்டின் மேலேயே வந்து உட்கார வேண்டும் என்று நினைக்கிறாயே, அதுவும் தப்பு. புள்ளிகள் கோட்டின் இரு பக்கமும் கொஞ்சம் சிதறித்தான் இருக்கும், கோடு அவற்றின் நடுவே போகும். அத்தனையும் ஊசி குத்தியது மாதிரி கோட்டில் இருந்தால் லேபில் இருக்கும் சாருக்குத்தான் சந்தேகம் வரும்.

ஆகவே எந்த வேலையைத் தொடங்கும்போதும் மேல் மூலையில் பென்சிலால் இரண்டு வரி எழுது. முதல் வரி: இதில் இறுக்கிப் பிடிக்க வேண்டியவை (மூன்றுக்கு மேல் போகக் கூடாது). இரண்டாம் வரி: எத்தனை நிமிஷம். ஒரு சோதனையை ரெக்கார்டில் ஏற்ற 40 நிமிஷம் போதும். மணி அடித்ததும் அந்த மூன்றை மட்டும் சரிபார்த்து மூடு. இதில் எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. டாலரன்ஸை வேலைக்கு நடுவில் முடிவு செய்வார்கள். நடுவில் முடிவு செய்தால் பயம்தான் முடிவு செய்யும், அது எப்போதும் கே6-தான் போடும். டிராயிங் முதலில், ஜாப் பிறகு.

அடித்தல் திருத்தல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ டாக்டராக ஆசைப்படுகிறாய். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கேஸ் ஷீட்டில் தப்பாக ஒன்று எழுதிவிட்டால் முறை என்ன தெரியுமா? பழைய எழுத்து படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி, நேரம். ஒயிட்னர் போடக் கூடாது, சுரண்டக் கூடாது, தாளைக் கிழிக்கவே கூடாது. ஆராய்ச்சிக்கூட நோட்டிலும் அதே முறைதான். தப்பு நடந்ததும் அது திருத்தப்பட்டதும் இரண்டுமே பதிவாக இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். அதனால் ஒரு கோடு போட்டுத் திருத்திய உன் ரெக்கார்டு அழுக்கு ரெக்கார்டு அல்ல. கிழித்துக் கிழித்து எழுதிய சுத்தமான ரெக்கார்டில்தான் குறை இருக்கிறது, எங்கே தவறினாய் என்பது அதில் இல்லை.

பட்டறையிலிருந்து இன்னும் ஒன்று. சூடாக இருக்கும் ஜாபை, அதாவது கடைந்துகொண்டிருக்கும் துண்டை, அளக்காதே. நீளங்களுக்கான அளவெல்லாம் 20 டிகிரி வெப்பத்தில் இருப்பதாக வைத்துச் சொல்லப்படுவது, இது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. பாலக்காட்டு மார்ச் மாதத்தில் 40 டிகிரி போகும்போது 100 மி.மீ. எஃகுத் துண்டு சும்மா கிடந்தே சுமார் 23 மைக்ரான் நீண்டிருக்கும். லேத்திலிருந்து இறக்கிய கையோடு அளந்தால் இன்னும் பெரிசாகக் காட்டும். கூடுதலாக இருக்கிறதே என்று இன்னொரு கட் எடுப்பார்கள். ஆறிய பிறகு பார்த்தால் அளவு குறைந்திருக்கும். எடுத்ததை ஒட்ட முடியாது, பழைய இரும்புக்குத்தான் போகும்.

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் நீங்கள் நாலு பேர் படிக்கட்டில் நின்று விடை ஒத்துப் பார்க்கிறீர்களே, அது சூடான ஜாப். இரவு பதினொன்றரைக்குப் படுக்கையில் கிடந்து, காலையில் மிஸ் கேட்டதற்குச் சொன்ன பதிலை மறுபடி மறுபடி ஓட்டுவதும் அதுதான். அந்த நேரத்தில் தப்பு பெரிசாகத்தான் தெரியும். பெரிசாகத் தெரிவதால் பெரிய கட் எடுக்கத் தோன்றும்: "இனி ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்கமாட்டேன்", "டான்ஸை விட்டுவிடுகிறேன்", "நீட் எனக்கு வராது." ஆற விடு. விடைத்தாளை ஒத்துப் பார்ப்பது மறுநாள் பகலில், சாப்பிட்ட பிறகு, 20 நிமிஷம். எந்த முடிவும் இரவு ஒன்பதுக்கு மேல் கிடையாது. சாயங்காலம் எடுத்த முடிவையும் ஒரு தாளில் எழுதி மூன்று நாள் கழித்துப் பார். மூன்று நாளுக்குப் பின்னும் அது நியாயமாகத் தெரிந்தால் செய்.

இனி அந்தக் குரல். உன் மனசுக்குள் ஓடுவதை ஒரு நாள் அப்படியே எழுதிப் பார், முக்கால்வாசி "ணும்" என்று முடியும். முடிக்கணும், வரணும், தெரிஞ்சிருக்கணும், இதுக்குள்ள ஆகியிருக்கணும். தமிழில் இது ஒரு வசதியான கேடு. "ணும்" போட்டால் யார் சொன்னது என்றே சொல்ல வேண்டியதில்லை, ஆகாயத்திலிருந்து வந்த கட்டளை மாதிரி இருக்கும். ஒவ்வொரு "ணும்"-க்குப் பக்கத்திலும் மூன்றில் ஒன்றைக் குறி: நானே எனக்குச் சொன்னது, நான் மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பதாக நான் நினைப்பது. ஹியூவிட், ஃப்ளெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991-இல் பெர்ஃபெக்ஷனிசத்தை இப்படித்தான் மூன்றாகப் பிரித்தார்கள். மூன்றாவதுதான் ஆளை அதிகம் வாட்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் 1989-லிருந்து 2016 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் எடுத்த அளவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மூன்றுமே ஏறியிருந்தன, மூன்றாவது மற்ற இரண்டையும்விட வேகமாக ஏறியிருந்தது. ஆக இது உன் ஒருத்தியின் கோணல் புத்தி அல்ல. காற்றிலேயே கலந்திருக்கிறது.

நம் ஊர்க் காற்றில் அது ஃபிளெக்ஸ் போர்டாகத் தொங்குகிறது. மே மாதம் வந்தால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் வரை ஒவ்வொரு முக்கிலும் ஃபுல் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளின் முகம். ஒன்பது ஏ பிளஸ்ஸும் ஒரு ஏ-யும் வாங்கியவளுக்குப் போர்டு கிடையாது, கிளப்பின் மெமென்டோவும் கிடையாது. அது உனக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும், வலிக்கக் கூடாது என்று சொல்ல நான் யார். ஆனால் அந்தப் போர்டு எதை அளக்கிறது என்று பார். 2021-இல் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஃபுல் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 1,21,318 பேர். அடுத்த ஆண்டு 44,363. ஒரே வருஷத்தில் கேரளத்துப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு மக்காகிவிட்டார்களா? கொரோனா காலத்தில் ஃபோகஸ் ஏரியா என்று பாடத்தைச் சுருக்கி, கேள்வியில் நிறைய சாய்ஸ் கொடுத்தார்கள். பிறகு அதை இறுக்கினார்கள். அளவுகோல் நீண்டு சுருங்கியது, பிள்ளைகள் அதே பிள்ளைகள். நீட்டிலும் அப்படியே. 2025-இல் நாட்டிலேயே முதலிடம் வந்தவரின் மார்க் 686. 720-க்கு 34 குறைவு. அந்த 34-ஐ நினைத்து அவர் ரெக்கார்டைக் கிழித்திருப்பாரா என்று தெரியாது, டாக்டர் சீட் கிடைப்பதற்கு அது தடையாக இருக்காது.

இதுவரை எழுதியது புத்திக்கு. புத்திக்குப் புரிந்தால் மட்டும் பயம் போகாது, பயம் செய்துபார்த்தால்தான் குறையும். செய்துபார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரி. முதல் கட்டத்தில் என்ன செய்யப் போகிறாய். இரண்டில் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறாய், அது எத்தனை சதவீதம் நிச்சயம். மூன்றில் செய்தபோது மனசு எவ்வளவு படபடத்தது, நூற்றுக்கு எவ்வளவு. நான்கில் உண்மையில் என்ன ஆனது. சின்னதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் தோழிக்கு எழுத்துப்பிழையோடு ஒரு வாட்ஸ்அப், அதைத் திருத்தாமல். அடுத்து, போர்வையை மடிக்காமல் கிளாஸுக்குப் போவது. பிறகு ஒரே கோட்டில் அடித்துத் திருத்திய ஒரு பக்கத்தோடு ரெக்கார்டைக் கொடுப்பது. பிறகு, அசட்டுத்தனமாக இருக்கலாம் என்று தோன்றுகிற ஒரு டவுட்டை வகுப்பில் கை தூக்கிக் கேட்பது. கடைசியாக, முழுதாகத் தயாராகாத ஒரு மாக் டெஸ்ட்டைத் தள்ளிப்போடாமல் எழுதுவது.

இது பலருக்கு ஏன் பலிப்பதில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் காரணம், செய்துவிட்டு உடனே சாக்குச் சொல்வது. "ஸாரி மிஸ், நேரமில்லை, அதான் இப்படி இருக்கு" என்று சொல்லிக் கொடுத்தால் அது கணக்கில் சேராது. ஒன்றும் ஆகாமல் போனதற்குக் காரணம் நீ சொன்ன ஸாரி என்று மனசு எடுத்துக்கொள்ளும். வாயை மூடிக்கொண்டு கொடு. இரண்டாவது, ஒரு தடவையோடு நிறுத்துவது. ஒரு தடவை தப்பித்தால் அது அதிர்ஷ்டம் என்று தோன்றும். ஒரே படியைக் குறைந்தது மூன்று தடவை செய், படபடப்பு பாதியாகும்வரை அடுத்ததற்குப் போகாதே. மூன்றாவது, எடுத்த எடுப்பில் பெரிய படி. நான்காவதைச் சொன்னால் சிரிப்பாய்: இந்த நான்கு கட்டத்தையே ஸ்கேல் வைத்து, மூன்று நிறத்தில், தலைப்புக்கு நிழல் போட்டு வரைவார்கள். கையால் கோடு இழுத்தால் போதும், ஓரிரண்டு நாள் விட்டுப்போனாலும் போகட்டும்.

பரீட்சை அறையில் இதெல்லாம் கணக்காகவே வரும். பிளஸ் டூ பிசிக்ஸ் தியரி 60 ஸ்கோர் (மார்க்குக்குத்தான் இங்கே அந்தப் பெயர்), இரண்டு மணி நேரம். ஒரு ஸ்கோருக்கு இரண்டு நிமிஷம். மூன்று ஸ்கோர் கேள்விக்கு ஆறு நிமிஷம்தான் உண்டு. அதை அழகாக எழுதுகிறேன் என்று 14 நிமிஷம் எடுத்தால் மிச்ச எட்டு நிமிஷம் வேறு கேள்வியிலிருந்து போகிறது, அது நான்கு ஸ்கோர். மூன்றைக் காப்பாற்ற நான்கைக் கொடுக்கிறாய். ஆரம்பத்தில் தருகிற 15 நிமிஷக் கூல் ஆஃப் நேரத்தை மனசுக்குள் டிராயிங் போடப் பயன்படுத்து. எழுதத்தான் விடமாட்டார்கள், முடிவு செய்ய விடுவார்கள். எதை முதலில், எதைக் கடைசியில், சாய்ஸில் எதை விடுவது. "ஏதேனும் 5" என்றால் ஐந்துதான், பாதுகாப்புக்கு ஏழும் எழுதிவைக்கிறேன் என்பதும் கே6 வியாதிதான்.

நீட்டில் 180 கேள்வி, 180 நிமிஷம். அங்கே உன்னைப் போன்றவர்கள் இழப்பது இரண்டு வழியில். ஒரு கணக்கு வராமல் போனால் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு அதிலேயே ஆறேழு நிமிஷம் நிற்பது ஒன்று. இரண்டு நிமிஷத்தில் வழி தெரியாவிட்டால் குறி போட்டுவிட்டுத் தாண்டு. நூற்றுக்கு நூறு நிச்சயம் இல்லாததைத் தொடாமலே விடுவது இன்னொன்று. நான்கு விடையில் இரண்டைத் தள்ளிவிட முடிகிறது என்றால், மிச்ச இரண்டில் ஒன்றைக் குறித்தால் சரியானால் 4 கூடும், தப்பானால் 1 குறையும். பாதிக்குப் பாதி என்று வைத்தால் சராசரியாகக் கேள்விக்கு ஒன்றரை மார்க் வரவு. மைனஸ் வந்துவிடும் என்ற பயத்தில் அப்படிப் பத்துக் கேள்வியை விட்டால் ஏறத்தாழ பதினைந்து மார்க்கை விட்டதாகக் கணக்கு. ஒரு விடையையும் தள்ள முடியாத கேள்வியை விட்டுவிடலாம், அதில் வருவது கால் மார்க், நேரத்துக்கு ஈடில்லை.

தப்பு நோட்டு வைத்திருக்கிறாய், நல்லது. ஆனால் அதை ஃபேர் பண்ணாதே. ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு பக்கம், பென்சில், மூன்றே வகை: தெரியாதது, தெரிந்தும் கை தவறியது, நேரம் போதாதது. முதல் வகைக்குத்தான் படிப்பு தேவை. இரண்டாவதற்கு ஒரு சோதனை வழி வேண்டும் (அலகு பார்த்தேனா, மைனஸ் குறி பார்த்தேனா). மூன்றாவதற்கு வரிசையை மாற்ற வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து "இன்னும் நல்லா படிக்கணும்" என்று எழுதினால் ஒன்றுக்கும் ஆகாது.

தள்ளிப்போடுவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. உன்னைச் சோம்பேறி என்று நீயே திட்டிக்கொள்கிறாய். அது சோம்பல் இல்லை, தொடங்கினால் கோணலாகிவிடுமே என்ற பயம். அதற்கு நல்ல நோட்டு ஆகாது. நாள் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பத்து நிமிஷம் கண்டபடி எழுது. பத்து நிமிஷம் முடிந்ததும் விரும்பினால் நிறுத்தலாம். பெரும்பாலும் நிறுத்தத் தோன்றாது. இன்ஸ்டாகிராமில் பாசி மணி கோத்த மாதிரி நோட்ஸ் போடுகிறார்களே, அவர்களைக் கொஞ்ச நாள் மறைத்து வை. முதலமடை மாம்பழத்தில் காம்புப் பால் வழிந்து தோல் கருத்தால் தரம் பிரிக்கும்போது அது கீழே போகும், அறுத்துச் சாப்பிட்டால் அதே இனிப்பு. பெட்டிக்குப் போகிற பழமும் வீட்டுக்கு வருகிற பழமும் ஒரே மரத்துப் பழம்.

தூக்கம் பேரம் பேசும் விஷயமில்லை. 13 வயதிலிருந்து 18 வரை எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை. தூக்கம் குறைந்தால் கை தவறும் தப்புகள் கூடும், கூடியதற்காக இன்னும் விழிப்பாய், அது சுற்றிக்கொண்டே போகும்.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. எழுதியதை அழித்து எழுதுவதும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால், அது இந்தக் கடிதத்தில் தீரும் விஷயமல்ல, டாக்டரிடம் காட்ட வேண்டியது. இரண்டு வாரம் தொடர்ந்து மனசு கனத்தே இருந்தால், பசி போய்விட்டால், அல்லது சாப்பாட்டிலும் எடையிலும் இதே மைக்ரான் கணக்கு தொடங்கிவிட்டால், அதுவும் அப்படியே. உயிரோடு இருந்து என்ன என்று ஒரு நொடி தோன்றினாலும் எந்த நேரமானாலும் எங்களை எழுப்பு. எங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடு, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது. கேரளத்தின் திசா உதவி எண் 1056. இரண்டையும் ஃபோனில் பதிந்து வை. தோழிகளில் யாருக்காவது தேவைப்படலாம்.

எங்கள் பங்கையும் எழுதிவிட வேண்டும். "ணும்" எல்லாம் நீயே உண்டாக்கியது இல்லை. மார்க் வந்தால் மட்டும் வீட்டில் குரல் உயர்கிறது என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். "என் மக எதையும் தப்பா செய்யமாட்டா" என்று சொந்தக்காரர்களிடம் பெருமையடிப்பதும் பாராட்டு அல்ல, பிள்ளையின் தலையில் வைக்கிற டிராயிங். ஆகவே இந்த வாரத்திலிருந்து ஃபோனில் முதல் கேள்வி மார்க்காக இருக்காது. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம், நாங்கள் கேட்க மாட்டோம். யாரையும் உன்னோடு ஒப்பிட மாட்டோம், உன் அண்ணனையும் சேர்த்துத்தான். அப்பத்தா கேட்பாள், அதை எங்களால் தடுக்க முடியாது, "நல்லா போவுது அப்பத்தா" என்று சொல்லிவிடு. நாங்கள் மறந்து கேட்டுவிட்டால் "டாலரன்ஸ்" என்று ஒரு வார்த்தை சொல், அப்பாவுக்குப் புரியும்.

ரெக்கார்டுக்குத் திரும்பி வருகிறேன். செவ்வாய்க்கிழமை கொடுத்துவிடு. தடித்த கோடு போட்ட அந்த இரண்டாவது கிராஃப் இன்னும் உன்னிடம் இருந்தால் அதையே ஒட்டு. ஏதாவது ஆகிவிடும் என்று நினைக்கிறாயே, அதையும் சதவீதத்தையும் முன்கூட்டியே எழுதி வை, புதன்கிழமை ஃபோனில் நான்காவது கட்டத்தை மட்டும் எனக்குப் படித்துக் காட்டு.

சனிக்கிழமை அப்பா திருச்சூர் வருகிறார். பழைய காலண்டர் தாளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே பென்சில் நான்கு. ரப்பர் வைக்கவில்லை. எள்ளுருண்டையும் தேங்காய் எண்ணெயும் இருக்கும். எண்ணெய் பாட்டிலை வாங்கியதும் நிமிர்த்தி வை, மூடி கசிகிறது.

அன்புடன்
அம்மா